கழித்ததில் தாளம் கேட்கிறதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டு அலமாரியில் ஆயா விட்டுப்போன இசைத்தட்டுகள் இருக்கின்றன. கடற்கரை ஊரின் ஈரமும் தூசியும் பழைய ஊசிகளின் உழைப்பும் எல்லாத் தட்டிலும் தெரிகிறது. ‘இரைச்சலை எடுக்க எந்த மென்பொருள் நல்லது?’ என்று மாமா கேட்டார். எந்த இரைச்சலை, மாமா? அது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

‘டப்’ என்று தெறிப்பது கீறலின் சத்தம். தட்டைக் கணினியில் சிடி தரத்தில் பதிந்தால் ஒரு வினாடி ஒலி 44,100 எண்களாகிறது. ஒரு கீறல் பெரும்பாலும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதாவது மிஞ்சிப்போனால் நாற்பது எண்கள் கெட்டிருக்கும், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து எண்களோடு ஒட்டாமல் திடீரென்று எகிறும் இடத்தை மென்பொருள் கண்டுபிடித்து வெட்டுகிறது. பிறகு இரண்டு பக்கமும் ஒலி போகிற போக்கைக் கணக்கிட்டு ஓட்டையை நிரப்புகிறது. கிழிந்த புடவையை நெசவு பார்த்து இழையோட்டுவது போல. நன்றாகச் செய்தால் காதுக்குத் தெரியாது.

ஆனால் திடீரென்று எகிறுவது கீறல் மட்டுமா? மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் அடியும் அப்படித்தான் எகிறும். நான் முதலில் ஒரு கச்சேரித் தட்டைச் சுத்தம் செய்தபோது மென்பொருளின் உணர்திறனைத் தாராளமாக ஏற்றிவிட்டேன். கீறல் எல்லாம் போயிற்று. தனி ஆவர்த்தனம் மட்டும் மிருதங்கத்தின் மேல் துண்டைப் போர்த்தி வாசித்தது போல இருந்தது!

அன்றிலிருந்து மென்பொருளிடம் நான் முதலில் தேடுவது, எதை எடுத்தது என்று காட்டுமா என்பதைத்தான். விலைக்கு வரும் ஐசோடோப் ஆர்எக்ஸில், எடுத்த கீறல்களை மட்டும் தனியாகக் கேட்க ஒரு வசதி உண்டு. இலவசமான ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பிலும், எடுத்த மிச்சத்தைக் கேட்கலாம். அந்தக் கழிவில் வெறும் படபடப்பு கேட்டால் சரி. அதை வைத்துத் தாளம் போட முடிந்தால் அளவு மீறிவிட்டது.

அப்புறம் பாட்டு முழுக்க ஓடும் ‘உஸ்’. இதற்கு வேறு வழி. மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு வலு என்று பார்க்கும். பாட்டில்லாத ஒரு வினாடியை நாம் மாதிரியாகக் கொடுத்தால், அந்த மட்டத்தைத் தாண்டாதவற்றை அடக்கிவிடும். இங்கேதான் நம் சங்கீதத்துக்கு ஒரு கண்ணி. பாட்டு தொடங்குமுன் தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் தம்பூராவும் இரைச்சலாகிவிடும், சுருதி போய்விடும். தட்டின் ஓரத்தில் ஊசி இறங்கியதும் வரும் வெற்றுப் பள்ளத்தைத்தான் கொடுக்க வேண்டும். அளவு கூடினால் தண்ணீருக்கடியில் சலங்கை குலுங்குவது போல ஒரு மிச்சம் வரும். அது உஸ்ஸைவிட எரிச்சல். உஸ்ஸைக் குறைப்பதை நான் 6 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்வேன்.

கீறலை முதலில் எடுங்கள், உஸ்ஸைப் பிறகு. ஒரு கீறல் எல்லா அதிர்வெண்களிலும் சிதறிக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு உஸ்ஸை அளந்தால் கணக்கு தப்பும். ‘உம்ம்’ என்ற முனகல் இருந்தால், இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று வரிசையாக இருக்கும். அதற்கு மென்பொருளைத் தேடுமுன் தட்டுச்சுழற்றியின் எர்த் கம்பியைப் பாருங்கள்.

பழைய மோனோ தட்டுகளுக்குச் செலவில்லாத வித்தை ஒன்றும் உண்டு. அவற்றில் பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. தூசியும் தேய்மானமும் ஊசியை மேலும் கீழும்கூட ஆட்டும். ஸ்டீரியோ ஊசியால் பதிந்து இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால், மேல்கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மாமாவிடம் ஆடாசிட்டியே போதும் என்றேன். ஆர்எக்ஸின் விலையை ரேண்டில் பார்த்தால் கண்ணைக் கட்டும். பதிந்த மூலக் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவருடைய தட்டு ஒன்றில் ஊசி பின்னால் குதித்து அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. அதற்கு எந்த மென்பொருளும் உதவாது. கீறலுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பதிந்து, தாளம் பிசகாமல் கையால்தான் ஒட்ட வேண்டும்.