வயிற்று அறுவைக்கு மறுநாள் இருமுவது எப்படி?

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "வலி எப்படி இருக்கு?" அல்ல. "ஒரு தடவை நல்லா இருமுங்க, பார்க்கலாம்" என்பதுதான். அசையாமல் படுத்திருந்தால் பலருக்கும் வலி ஓரளவு அடங்கியே இருக்கும். இருமும்போதுதான் வயிற்றுத் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகித் தையலை இழுக்கும். அதற்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும், சளி தேங்கும், நிமோனியாவுக்கு வழி திறக்கும். எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும்.

மார்ஃபின் வலியை அடக்கும். கூடவே தூக்கக் கலக்கம், வாந்தி, மந்தமான மூச்சு ஆகியவற்றையும் கொண்டுவரும். அறுவையால் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருக்கும் குடல் அசையத் தொடங்குவதற்கு இன்னும் நாளாகும். வலியின் சேதியை மூளைக்குப் போகும் வழியிலேயே நிறுத்திவிட்டால் மார்ஃபினின் தேவை குறையும். நரம்புத் தடுப்பு ஊசியின் வேலை அதுதான். ஆபரேஷன் தியேட்டரில் சுருக்கமாக 'பிளாக்' என்பார்கள்.

வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் பாய் விரித்து அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே வெளிச்சாய்தசை, நடுவில் உட்சாய்தசை, அடியில் குறுக்குத்தசை. மார்புப் பகுதித் தண்டுவட நரம்புகளில் 6ஆவது அல்லது 7ஆவது தொடங்கி 12ஆவது வரையிலும், அதற்கடுத்து இடுப்புப் பகுதியின் முதல் நரம்பும் முதுகிலிருந்து வளைந்து முன்பக்கம் வருகின்றன. வயிற்றுச் சுவருக்கு உணர்வு தருபவை இவையே. தொப்புள் மட்டம் 10ஆவது நரம்புக்கு உரியது. பக்கவாட்டு வயிற்றில் இவை ஓடுவது நடுத்தசைக்கும் அடித்தசைக்கும் இடைப்பட்ட சந்தில். ஒவ்வொரு நரம்பாகத் தேடிக் குத்த வேண்டியதில்லை. அந்தச் சந்துக்குள் மருந்தைப் பரப்பினால் போதும், அங்கே ஓடும் நரம்புகள் தாமாக நனைந்துவிடும். ஆகவே இந்த ஊசியில் மருந்தின் வீரியத்தைவிட அதன் கொள்ளளவும், அது சரியான அடுக்கில் இறங்குவதும் முக்கியம்.

மரக்கச் செய்யும் பூபிவகைன், ரோபிவகைன் இரண்டும்தான் இந்த ஊசிக்கு வழக்கமான மருந்துகள். நரம்பு இழையில் சேதி நகர வேண்டுமானால் அதன் சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். மருந்து மின்னேற்றமில்லாத வடிவில் சுவரைக் கடந்து உள்ளே போகிறது. போனதும் மின்னேற்றம் பெற்று, உட்புறமிருந்து அந்த வாயிலை அடைத்துக்கொள்கிறது. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் எளிதில் அடங்குகின்றன. சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாக வேலை செய்யாததற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. அங்கே அமிலத்தன்மை கூடுதல், அதனால் மருந்தில் பெரும்பகுதி வெளியிலேயே மின்னேற்றம் பெற்றுவிடும், சுவரைக் கடக்காது.

இந்தத் தசைச் சந்து ஊசியை முதலில் விவரித்தவர் ரஃபி என்ற மயக்கவியல் மருத்துவர், 2001இல். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு மேலே, விலாப்பக்கத்தில் பெட்டி முக்கோணம் என்ற சிறிய இடைவெளி உண்டு. அங்கே ஊசியைச் செலுத்தி, திசுவுறையைத் துளைக்கும்போது விரலில் தட்டுப்படும் 'பொட்' என்ற உணர்வை வைத்து ஆழத்தைக் கணித்தார்கள். பருமனான உடலில் அந்த முக்கோணத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2007 முதல் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டும் முறை வந்து, குருட்டுக் கணக்கு தேவையற்றதாகியது.

திரையில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். விலா விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, அக்குள் நேர்க்கோட்டில் ஸ்கேன் கருவியைக் குறுக்காக வைத்தால் மூன்று கரிய பட்டைகளும், அவற்றைப் பிரிக்கும் வெண்ணிறக் கோடுகளும் தெரியும். அடிப்பட்டைக்குக் கீழே மினுங்கிக்கொண்டு நகர்வது குடல். 80 அல்லது 100 மி.மீ. நீள ஊசி, முனை எப்போதும் கண்ணில் படும்படி சாய்வாக இறங்குகிறது. இரண்டாவது வெண்கோட்டை எட்டியதும் முதலில் 1 அல்லது 2 மி.லி. சலைன் மட்டும். இடம் சரியென்றால் கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் பாதாம்பருப்பு வடிவில் ஒரு கரிய குளம் விரியும். பட்டையே உப்பி மங்கலானால் ஊசிமுனை தசைக்குள் நிற்கிறது என்று பொருள். அப்படியே மருந்தைத் தள்ளினால் அது தசையில் ஊறி வீணாகும், நரம்பைத் தொடாது. இந்த ஊசி பலிக்காமல் போவதற்கு அடிக்கடி நேரும் காரணம் இதுவே. முனை கண்ணிலிருந்து மறைந்த நிலையில் மேலும் அழுத்தினால் குடலோ, வலப்பக்கம் கல்லீரலோ குத்துப்படலாம்.

அளவுக் கணக்கில் கைநழுவல் கூடாது. பூபிவகைனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி., ரோபிவகைனுக்கு 3 மி.கி. என்ற வரம்பை வைத்துக்கொள்வது வழக்கம். 0.25% பூபிவகைன் 1 மி.லி.யில் 2.5 மி.கி. இருக்கிறது. பக்கத்துக்கு 20 மி.லி. வீதம் இரு பக்கமும் போட்டால் 100 மி.கி. ஆகிவிடும். 50 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு அங்கேயே தொட்டுவிட்டது. அதே நோயாளிக்கு அறுவை மருத்துவர் தையல் ஓரத்தில் தனியாக 20 மி.லி. போட்டால் 150 மி.கி.! இரண்டு பேரும் தனித்தனியாகச் சரியான அளவைத்தான் போட்டிருப்பார்கள், கூட்டிப் பார்க்க ஆளில்லை. ஆகவே, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை ஊசி ஏற்றும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வரம்பு மீறினால், அல்லது மருந்து ரத்தக்குழாயில் ஏறிவிட்டால், விழித்திருக்கும் நோயாளிக்கு உதடும் நாக்கும் மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காதில் ரீங்காரம் கேட்கும். அடுத்து வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. பூபிவகைன் இதயத்தின் சோடியம் வாயில்களில் ஒட்டினால் லேசில் விடாது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு முன்னறிகுறிகள் தெரியாது, மானிட்டர்தான் காட்டிக்கொடுக்கும். தசைச் சந்திலிருந்து மருந்து மெதுவாக ரத்தத்தில் கலப்பதால், ஊசி போட்டு அரைமணி நேரம் கழித்தும் இது நேரலாம். இந்த நச்சுவிளைவுக்கு முறிமருந்து 20% கொழுப்புக் குழம்பு, பால் போல வெண்மையாக இருக்கும். கிலோவுக்கு 1.5 மி.லி. என்ற கணக்கில் 50 கிலோ உடலுக்கு 75 மி.லி. உடனே, பிறகு சொட்டாகத் தொடர வேண்டும். அது ரத்தத்திலிருந்து மருந்தை இழுத்துக்கொள்கிறது. எலிகளில் இதைக் காட்டி 1998இல் வெளியிட்டவர் கை வைன்பெர்க் (Guy Weinberg) என்ற மயக்கவியல் மருத்துவர். மயக்க மருந்தான புரோபஃபாலும் வெண்மையான குழம்புதானே என்று அதை ஏற்றக்கூடாது. அதில் கொழுப்பு 10%தான், கூடவே ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் அது கீழே தள்ளும்.

எந்த இடத்தில் போடுவது என்பதை வெட்டின் இடம் தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் போடும் ஊசி பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழேதான் எடுபடும். மேல்வயிற்று வெட்டுக்கு விலா விளிம்பை ஒட்டிப் போட வேண்டும். நடுவயிற்றில் நீள வெட்டு என்றால், வயிற்றின் முன்பக்கம் மேலும் கீழுமாக ஓடும் நேர்த்தசைக்கும் அதன் பின்னுறைக்கும் இடையில், இரு பக்கமும் போடுவது பொருத்தம். அங்கே மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்தால் இரண்டு மூன்று நாட்கள் மருந்து செலுத்தலாம். கல்லீரல், கணையம், இரைப்பை போன்றவற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைகளுக்கு, முதுகில், தண்டுவடத்தருகே போடும் எபிடியூரல் ஊசிக்கு ஈடான வலிநிவாரணம் இவற்றால் கிடைப்பது அரிது. ஆனால் எபிடியூரலில் ரத்த அழுத்தம் சரியும், கால் தளரலாம். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவருக்குத் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டினால் காலே செயலிழக்கும். அத்தகையவர்களுக்கு வயிற்றுச் சுவர் ஊசி கைகொடுக்கும்.

நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இந்த ஊசி வயிற்றின் சுவரை மரக்கச் செய்கிறதே தவிர, உள்ளுறுப்புகளை அல்ல. குடலின் வலி வேறு நரம்புகள் வழியே போகிறது. "தையல் வலிக்கல, உள்ளதான் பிசையுது" என்று அவர் சொன்னால் ஊசி தவறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வலிக்கு வேறு மருந்து வேண்டும். இதனால்தான் பாராசிட்டமாலை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கிறோம். 50 கிலோவுக்கு மேல் இருப்பவருக்கு வேளைக்கு 1 கிராம், அதற்குக் குறைந்தால் கிலோவுக்கு 15 மி.கி.

ஒரே தடவை போட்ட ஊசி பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். பிற்பகல் 3 மணிக்குப் போட்டது நள்ளிரவையொட்டி விடும், வார்டில் ஆட்கள் குறைந்திருக்கும் வேளையில். மரப்பு எதுவரை இருக்கிறது என்று பார்க்க ஸ்பிரிட் பஞ்சு போதும். முதலில் தோளில் தொட்டுக் குளிர்ச்சியைக் காட்டிவிட்டு, வயிற்றில் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்தால், குளிர்ச்சி தெரியாத இடத்தில் மருந்து இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். அந்த எல்லை சுருங்கத் தொடங்கும்போதே அடுத்த வேளை மருந்தைக் கொடுத்துவிட்டால், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவரால் காலையில் இரும முடியும்.