சுண்ணாம்பு அடுக்குகளில் வீட்டின் வரலாறு

‘பத்திரத்தில் ஆண்டு இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் உள்ள எங்கள் பழைய வீட்டில் எந்தப் பகுதி முதலில் கட்டியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் சுவர்கள் கூடும் மூலையைப் பாருங்கள். செங்கற்கள் பல்லுக்குப் பல் கோத்திருந்தால் இரண்டும் ஒன்றாக எழும்பியவை. மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிரிந்திருந்தால் ஒன்று பின்னால் ஒட்டியது. அந்த இடுக்குக்குள் வெள்ளை தெரிந்தால் பழைய சுவரின் அந்தப் பக்கம் ஒரு காலத்தில் மறைப்பில்லாமல் இருந்தது. பின்னால் நீட்டிக்கட்ட வசதியாகக் கொத்தனார்கள் பல் விட்டு வைப்பதும் உண்டு. எனவே இதை மட்டும் நம்பக் கூடாது. பர்மா தேக்கு உத்திரமும் ஏமாற்றும். வேலையில்லாத துளைகள் அதில் இருந்தால், வேறொரு கட்டடத்திலிருந்து கழற்றி வந்த மரமாக இருக்கலாம்.

உறுதியான சாட்சி வெள்ளையடிப்புதான். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மெல்லிய கல்லாக இறுகுகிறது. அடுத்த பூச்சு அதன்மேல் தனிப் படலமாக உட்காரும். இடையில் அடுப்புப் புகையோ தூசியோ படிந்தால் அந்தக் கறுப்புக் கோடும் உள்ளே அடைபட்டுவிடும். நீலம் கலந்த ஆண்டு, காவி பூசிய ஆண்டு எல்லாம் மரத்தின் வளையங்கள்போல அடுக்கில் நிற்கும்.

இதைப் படிக்க, கதவு நிலைக்கு மேலே, சுரண்டும் கை எட்டாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 400-ஆம் எண் வாட்டர் பேப்பரை நனைத்து 3 செ.மீ. அகலத்துக்கு வட்டமாகத் தேயுங்கள்; நடுவில் காரை தெரியும்வரை ஆழம், ஓரத்துக்கு வரவரச் சரிவு. உலரத் தேய்த்தால் வெள்ளைப்பொடி எல்லாக் கோடுகளையும் மூடிவிடும். சரிவில் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்; உள்ளே பழையது, வெளியே புதியது. பத்து மடங்கு லென்ஸில் வளையங்களை எண்ணி, நிறத்தோடு வரிசையாக எழுதுங்கள். பிறகு பக்கத்து அறையில் அதையே செய்யுங்கள். முகப்பில் 30 வளையம், பின்கட்டில் 8 என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டின் எட்டும் முகப்பின் கடைசி எட்டோடு நிறம் மாறாமல் பொருந்தினால், பின்கட்டு பிறகு வந்தது. எனக்கு இதைவிட அழகான சோதனை தெரியாது: ஒரு காகிதமும் இல்லாமல் வீடே சொல்கிறது.

ஆனால் வளையத்தை ஆண்டாக எண்ணாதீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் அடிக்கும் வீட்டிலும் துக்க ஆண்டில் விடுவார்கள், கல்யாணத்துக்குக் கூடுதலாக அடிப்பார்கள். பழையதைச் சுரண்டிவிட்டு அடித்திருந்தால் வரிசையே அறுந்துபோகும்.

சிமென்ட் ஒட்டு வேறு சிக்கல். சுண்ணாம்புக் காரை வழியே வெளியேறிய ஈரம் சிமென்டில் முட்டி நிற்கும். உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல் உதிரும், அடுக்குகளும் அதோடு போகும். பெரிய கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் சிறு பங்காவது இந்த ஊர் வீடுகளுக்கு வர வேண்டும். தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்ற பிறகு எண்ணுவதற்குச் சுவர் இருக்காது.

எமல்ஷன் அடிக்க ஆள் வருவதற்கு முன், அறைக்கு ஒரு சாண் அகலமாவது சுரண்டாமல், பட்டி பூசாமல் விடச் சொல்லுங்கள்.