கேஸ் டேங்கர் ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் பத்தாது: ஹசார்டஸ் எண்டார்ஸ்மென்ட் எடுக்கறது எப்படி

"ஹெவி இருக்கு, பேட்ஜ் இருக்கு, பத்து வருசமா லாரி ஓட்டறேன், நாளைக்கே கேஸ் டேங்கர்ல ஏறிடலாமா"ன்னு எங்க நாமக்கல் பக்கம் யாராவது கேட்டுட்டே இருப்பாங்க. ஏற முடியாதுங்க. லைசென்ஸ்ல தனியா ஒரு பதிவு வேணும், உயிருக்கு ஆபத்தான சரக்கு ஏத்துன வண்டியை ஓட்ட இவருக்கு அனுமதி இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டுத் தரணும், அதைத்தான் எல்லாரும் ஹசார்டஸ் எண்டார்ஸ்மென்ட், இல்லன்னா சுருக்கமா ஹசார்டஸ்னு சொல்றாங்க. அது இல்லாம லோடு ஏத்தற பிளான்ட் கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, ரோட்ல மாட்டுனா போலீஸ் வழக்கு வேற.

இது கேஸ் டேங்கருக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு. பெட்ரோல், டீசல், ஆசிட், அமோனியா, குளோரின் எல்லாமே இதுல வரும். டேங்கர் வண்டியா இருக்கணும்னு கூட இல்ல, சாதா லாரில ஆசிட் கேன் அடுக்கிட்டுப் போனாலும், சிவகாசில பட்டாசு லோடு ஏத்துனாலும் அது ஆபத்தான சரக்குதான். வண்டியைப் பார்க்காதீங்க, உள்ள இருக்கற சரக்கைப் பாருங்க.

சட்டம் எங்க இருக்குன்னா, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 9-வது விதி. அது மூணு விசயம் கேக்குது. முதல்ல டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டற லைசென்ஸ் இருக்கணும். ரெண்டாவது, அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கற ஏதாவது ஒரு மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும், நமக்குத் தமிழ் இருக்கு, அது போக இங்கிலீஷ். மூணாவது, மாநில அரசு அங்கீகாரம் கொடுத்த இன்ஸ்டிடியூட்ல மூணு நாள் ட்ரெய்னிங் முடிச்ச சர்டிபிகேட். 2019-ல டிரைவருக்கு எட்டாம் கிளாஸ் பாஸ் வேணும்ங்கற விதியை எடுத்துட்டாங்க இல்லையா, அதைக் கேட்டுட்டு இங்கயும் படிப்பு தேவையில்லன்னு சொல்றவங்க இருக்காங்க, அது வேற விதி, இந்த 9-வது விதில எழுதப் படிக்கத் தெரியணும்ங்கறது அப்படியேதான் இருக்கு.

இங்கிலீஷ்னு சொன்னதும் எங்க பக்கத்து அண்ணனுங்க நிறைய பேர் பயந்து பின்வாங்கிடறாங்க, எனக்கு அதைப் பார்க்கறப்ப மனசு கஷ்டமா இருக்கும். கதை புக்கு படிக்கற அளவுக்கு வேண்டாங்க. வண்டி மேல எழுதிருக்கறதையும் கையில குடுக்கற பேப்பரையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்கு வந்தா, வேலைக்குத் தேவையானது வந்துடுச்சு. வீட்ல ஸ்கூல் போற பிள்ளை இருந்தா ராத்திரி அரைமணி நேரம் உக்கார்ந்து கத்துக்கோங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ட்ரெய்னிங் மூணு நாள்ல முதல் ரெண்டு நாள் ஓட்டறதைப் பத்தி. பிரேக் அடிச்சா எவ்வளவு தூரத்துல நிக்கும், நைட் டிரைவிங், இறக்கத்துல எப்படி இறங்கறது, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எதெதைப் பார்க்கணும், எங்க நிறுத்தணும், நிறுத்துனதுக்கு அப்புறம் டயருக்குக் கட்டை போடறது வரைக்கும் வரும், ஒவ்வொருத்தரா வண்டில ஏத்தி ஓட்ட வெச்சும் பார்ப்பாங்க. மூணாவது நாள்தான் சரக்கைப் பத்தி. என்னைக் கேட்டா அந்த ஒரு நாளுக்காகவே இந்த விதி இருக்குன்னு சொல்லுவேன்.

டேங்கர் பின்னாடி ஒரு சதுரப் பலகை மாதிரி எழுதிருக்கும் பாருங்க, ரெண்டு பக்கவாட்டுலயும் அதேதான் இருக்கும், மொத்தம் மூணு இடம். அதுல 1075-னு பெரிய நம்பர் இருந்தா உள்ள எல்பிஜி, 1203 பெட்ரோல், 1005 அமோனியா, 1017 குளோரின். இது உலகம் பூராவும் ஒரே நம்பர். கூடவே ஹசாக்கெம் கோடுனு ஒண்ணு இருக்கும், அதோட முதல் நம்பர் தீயணைக்க எதை எடுக்கணும்னு சொல்லும்: 1 இருந்தா தண்ணியை வேகமா பீய்ச்சி அடிக்கணும், 2 இருந்தா பனி மாதிரி தூவணும், 3 இருந்தா நுரை, 4 இருந்தா தண்ணி படவே கூடாது, உலர்ந்த பவுடர் மாதிரி எதையாவதுதான் போடணும். கடைசி எழுத்து இங்கிலீஷ் ஈ-யா இருந்தா சுத்தி இருக்கற ஜனங்களை வெளியேத்தறதை யோசிங்கன்னு அர்த்தம். அதுக்குக் கீழ ஃபயர் சர்வீஸ், போலீஸ், சரக்கு அனுப்புன கம்பெனி நம்பர் இருக்கும். சேறு அடிச்சு இதை மறைச்சிருந்தா தண்ணி ஊத்தித் தொடைச்சுட்டு வண்டியை எடுங்க.

எங்க சித்தப்பா இருபது வருசத்துக்கு மேல டேங்கர் ஓட்டுனவர். ஒரு தடவை ராத்திரி ஹைவே ஓரம் டீக்கடை பக்கத்துல நிறுத்திட்டு கேபின்ல படுத்திருக்கார், மெர்காப்டன், அதான் கேஸ் கசிஞ்சா தெரியறதுக்காகக் கலக்கற மருந்து, அந்த வாசனை மூக்குல ஏறிருக்கு, வால்வு பக்கம் லேசா உஸ்ஸுனு சத்தம். யாரா இருந்தாலும் அந்த நேரத்துல வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தள்ளிக் கொண்டுபோயிடலாம்னுதான் முதல்ல தோணும், ஆனா அந்த ஸ்டார்ட்டர் பொறி ஒண்ணே பத்தும். எல்பிஜி காத்தை விட கனம், மேல போகாது, தரையோட ஊர்ந்து பள்ளத்துல தேங்கும், காத்துல ரெண்டு பர்சென்ட் கலந்தாலே பத்திக்கும். அவர் சாவியைத் தொடவே இல்ல. ஓடிப்போய் டீக்கடை அடுப்பை அணைக்கச் சொல்லி, பீடி சிகரெட்டைப் போடச் சொல்லி, அங்க இருந்தவங்களை எல்லாம் காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமா நடக்க வெச்சு, தூரமா போனதுக்கு அப்புறம்தான் செல்லையே எடுத்து 101-க்கு அடிச்சிருக்கார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன், மூணாவது நாள் கிளாஸ்லடான்னார்.

அதனாலதான் சொல்றேன், சர்டிபிகேட்டைக் காசு குடுத்து வாங்காதீங்க. என் தம்பிக்கிட்ட ஒரு புரோக்கர், கிளாஸுக்கே வர வேண்டாம், போட்டோவும் பணமும் குடுத்தா போதும்னு சொன்னான், தம்பியும் மூணு நாள் சம்பளம் மிச்சம்னு குடுக்கப் போயிட்டான், சித்தப்பாதான் அவனைக் கையோட கூட்டிட்டுப் போய் கிளாஸ்ல உக்கார வெச்சார். 2012 ஆகஸ்ட்ல கண்ணூர் பக்கம் சாலையில ஒரு எல்பிஜி டேங்கர் கவுந்து கேஸ் பரவித் தீப்பிடிச்சதுல 20 பேர் செத்துப்போனாங்க. 2025 ஜனவரி 3-ம் தேதி கோயமுத்தூர் அவினாசி ரோடு மேம்பாலத்துல கொச்சில இருந்து வந்த டேங்கர் கவுந்தப்ப சுத்துவட்டார ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டு, தண்ணியைத் தூவிட்டே இருந்து காப்பாத்துனாங்க, உயிர்ச்சேதம் இல்ல. விபத்து யாருக்கும் நடக்கும்ங்க. நடந்த முதல் பத்து நிமிசம் டிரைவர் என்ன பண்றார்ங்கறதுதான் மத்தவங்க உயிர்.

சர்டிபிகேட் கைக்கு வந்துட்டா மிச்சம் சுலபம். நீங்க குடியிருக்கற ஏரியா ஆர்டிஓ ஆபீஸ்ல லைசென்ஸையும் சர்டிபிகேட்டையும் வெச்சு ஒரு வெள்ளைப் பேப்பர்ல அப்ளிகேசன் குடுத்தா போதும்னுதான் விதி சொல்லுது, இப்ப சாரதி போர்ட்டல்லயே இதுக்குத் தனியா ஒரு சர்வீஸ் இருக்கு. அதுலயே மலைப்பாதை எண்டார்ஸ்மென்ட்டும் பக்கத்துல இருக்கும், அவசரத்துல அதைத் தொட்டுடாதீங்க. லைசென்ஸ் வேற ஊர்ல எடுத்திருந்தாலும் பரவால்ல, உதாரணத்துக்கு மதுரைல எடுத்துட்டு இப்ப நாமக்கல்ல இருந்தீங்கன்னா நாமக்கல்லயே குடுக்கலாம், பதிவு போட்டுட்டு அந்த ஊர் ஆபீசுக்கு இவங்களே தெரியப்படுத்தணும்.

தேதி விசயத்துல கவனமா இருங்க. முன்னாடி இது ஒரு வருசம்தான் செல்லும், வருசா வருசம் ஒரு நாள் ரெப்ரெஷர் கிளாஸ் போயிட்டு வந்து புதுப்பிக்கணும். 2019 திருத்தத்துல மூணு வருசமா மாத்திட்டாங்க. சாதா டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் அஞ்சு வருசம், ஹசார்டஸ் மூணு வருசம், ரெண்டு தேதியும் வேற வேறங்கறதை மறந்துட்டுத்தான் நிறைய பேர் மாட்டறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் பிளான்ட் வாசல்ல ஒரு நாள் பூரா லைன்ல நின்னு, டர்ன் வந்தப்ப பார்த்தா ஹசார்டஸ் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சுன்னு லோடு குடுக்கல, காலி வண்டியா திரும்பி வந்தார். கார்டுல அச்சடிச்சிருக்கற தேதியைப் பாருங்க, ஒரு மாசம் முன்னாடியே கிளம்பிடுங்க.

ஓனருங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த விதிகளை மீறி ஓட்டுனவருக்கு மட்டும் இல்ல, ஓட்ட விட்டவருக்கும் தண்டனை இருக்கு, முதல் தடவை 10,000 ரூபா, இல்லன்னா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம், அடுத்த தடவை 20,000-மும் மூணு வருசம் வரைக்கும்னு ஏறும். ட்ரெம் கார்டுனு ஒண்ணு இருக்கு, அதான் சரக்கு என்ன, கசிஞ்சா என்ன பண்ணணும்னு எழுதிருக்கற பேப்பர், அது லோடு இருக்கற வரைக்கும் கேபின்லயே இருக்கணும். அதுல என்ன எழுதிருக்குன்னு டிரைவருக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பறது உங்க வேலை.

டிரைவர் வேலை இன்னொண்ணு இருக்கு. லோடோட வண்டியை நிறுத்திட்டு ஆளில்லாம விட்டுட்டுப் போகக்கூடாது, நீங்க இருக்கணும், இல்லன்னா 18 வயசு தாண்டின, விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கணும், சின்னப் பையன் கிளீனரை உக்கார வெச்சுட்டுப் போறது கணக்குல வராது. ஏதாவது விபத்துன்னா பக்கத்து போலீஸ் ஸ்டேசனுக்கு உடனே சொல்லணும்னு விதி இருக்கு, ஓனருக்கும் சொல்லணும். நம்மாளுங்க முதல்ல ஓனருக்கு அடிச்சுட்டு அவர் என்ன சொல்றார்னு காத்திருப்பாங்க. அப்படி நிக்காதீங்க, முதல் போன் அவசர உதவி நம்பர் 112-க்கு, அதுக்கப்புறம் ஓனருக்கு.