அம்பிபியன் விமானத்துக்குத் தமிழ் என்ன?

பெறாமகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "சித்தப்பா, இது பிளேனோ, கப்பலோ?" சோவியத் ஒன்றியம் செய்த வி.வி.ஏ.-14. அந்த மூன்றெழுத்துக்கு ரஷ்ய மொழியில் "நிலைக்குத்தாக எழும் அம்பிபியா" என்று பொருள். "அம்பிபியா தவளைக்குச் சொல்லுறதெல்லோ?" என்றான்.

சரியான கேள்வி. கிரேக்கத்தில் "அம்பி" என்றால் இரு பக்கமும், "பியோஸ்" என்றால் வாழ்வு. நீரிலும் நிலத்திலும் வாழ்வதால் தவளைக்கு அந்தப் பெயர்; இரண்டிலும் இறங்கி எழும்புவதால் விமானத்துக்கும் அதே பெயர். (பழந்தமிழிலும் அம்பி உண்டு. அது தோணி. ஒலிதான் ஒன்று, உறவில்லை.)

நீரில் இறங்கும் விமானமெல்லாம் அம்பிபியன் ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போரில் காலிக்குப் பக்கத்தில், கொக்கல ஏரியில் கற்றலீனா என்ற பறக்கும் படகுகள், அதாவது உடலே படகுபோல மிதக்கும் விமானங்கள், நின்றன. சக்கரம் இல்லாத கற்றலீனாவைக் கரையேற்ற ஆட்கள் தண்ணீரில் இறங்கி, தனிச் சக்கரங்களைப் பூட்டி இழுக்கவேண்டும், நாங்கள் வள்ளம் இழுப்பதுபோல. அதே விமானத்துக்கு உள்ளே மடங்கும் சக்கரம் வைத்துப் பின்னர் ஒரு வகை வந்தது. அதுதான் அம்பிபியன்.

எங்கள் பாடப்புத்தகம் தவளையை ஈரூடகவாழி என்கிறது. அதைப் பார்த்து "ஈரூடக வானூர்தி" என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஊடகம் என்றால் இன்று பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வரும். அதோடு விமானத்துக்குக் காற்றும் ஓர் ஊடகம், மூன்றாகிவிடும். "நீர்நில வானூர்தி" என்றால் எங்கெங்கே இறங்கும் என்று சொல்லே காட்டிவிடும். "வான ஊர்தி" புறநானூற்றிலேயே இருக்கிறது, புதிதாக ஆக்கவேண்டியதில்லை.

சரி, சோதனைக்கென்று செய்த முதல் விமானத்தை என்னவென்பது? "முன்மாதிரி" என்றால் பின்பற்றத்தக்கது என்றும் பொருள்படும். தோற்றுப்போன ஒன்றுக்கு அது பொருந்தாது. கோயிலில் புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோமே, அந்தச் சொல் போதும்: வெள்ளோட்ட வானூர்தி.

வி.வி.ஏ.-14 அப்படித்தான் நின்றுபோனது. வடிவமைத்தவர் இத்தாலியில் இருந்து போன றொபேட் பார்ட்டினி. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவது நோக்கம். திட்டமிட்ட 14 எஞ்சின்களில் 12, நேரே மேலே தூக்குவதற்கு மட்டும். அந்த 12 கடைசிவரை வந்து சேரவில்லை. ஆகவே 1972 செப்டம்பர் 4இல் சாதாரண விமானம்போல ஓடுபாதையில் ஓடித்தான் எழும்பியது. காற்றடைத்த பெரிய மிதவைகள் பிறகு பொருத்தப்பட்டன. 1974இல் பார்ட்டினி இறந்தார். திட்டமும் மெல்லப் படுத்துவிட்டது. இறக்கை கழன்ற உடல் மொஸ்கோவுக்கு அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் கிடக்கிறது.

பெறாமகனின் கொப்பியில் இப்படி எழுதிக்கொடுத்தேன்: "வெள்ளோட்டத்தோடு நின்ற நீர்நில வானூர்தி."