புற்றுநோய்ச் செய்தியில் பரம்பரைக்கு என்ன வேலை?

"குரோமோசோம் பரம்பரைக் குறைபாட்டால் புற்றுநோய்." இந்த மாதிரித் தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்தது தனக்கு வந்துவிட்டது, இனி பிள்ளைக்கும் போகும் என்றுதான். உள்ளே போய்ப் படித்தால் அங்கே அம்மாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் ஒழுங்காகப் போய்ச் சேராததைப் பற்றிய ஆய்வு அது.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளை பெறுவதற்கும், தாய்ச் செல்லிடமிருந்து சேய்ச் செல் பெறுவதற்கும் அங்கே 'இன்ஹெரிட்டன்ஸ்' என்ற ஒரே சொல்தான். மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் அகப்பட்ட 'பரம்பரை'யை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

சொல் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வால்டையர் 1888இல் வைத்த பெயர் குரோமோசோம். சாயம் ஏற்றினால் பளிச்சென்று தெரிந்தது, அதனால் அந்தப் பெயர். அதற்கென்று சொந்த நிறம் கிடையாது. நிறப்புரி, இலங்கைப் பாடநூல்களின் நிறமூர்த்தம் எல்லாம் அந்தச் சாயத்தின் நினைவுதான். எதை எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. நான் குரோமோசோம் என்றே எழுதுகிறேன்.

சண்டை பரம்பரையோடுதான். "அந்தச் சொல்லுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்றுதானே பொருள், செல்லுக்கும் பொருந்துமே" என்று சிலர் வாதாடுகிறார்கள். வடமொழி வேரைப் பார்த்தால் சரிதான். ஆனால் வாசகர் வேரைத் தோண்டிப் படிப்பதில்லை. பரம்பரைச் சொத்து, பரம்பரைத் தொழில், பரம்பரை வைத்தியர் என்று குடும்பத்தோடு ஒட்டியே பழகிய சொல் அது. புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஒரு குடும்பமே பயந்துபோகும். மரபணு மாற்றத்தால் வரும் நோய் என்றாலே பரம்பரை நோய் என்று எழுதுவதும் இதே கோளாறுதான். மரபணு மாற்றம் இல்லாத புற்றுநோய் அநேகமாக இல்லை. பெற்றோர் வழியே வலுவாக வருவது 5 முதல் 10 சதவீதம் மட்டுமே.

அப்படியானால் எந்தச் சொல்? செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தால் தானே கிடைத்துவிடும். மனித செல்லில் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் தன்னைப் போல இன்னொரு பிரதியை உண்டாக்கி, அதோடு ஒட்டியே நிற்கும். இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் நீண்டு வந்து பற்றிக்கொள்கின்றன. ஒரு பிரதியை இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். சில சமயம் ஒரே பிரதியை இரண்டு துருவத்துக் குழல்களும் பிடித்துக்கொள்கின்றன. மற்றவையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் அது மட்டும் நடுவில் இழுபட்டு நிற்கும். கடைசியில் தவறான பக்கம் போய்விடலாம்; அல்லது தனியாக ஒரு குட்டி உட்கருவுக்குள் அடைபட்டு அங்கேயே துண்டுதுண்டாக நொறுங்கலாம். எல்லாம் பிடிபட்டதா என்று பார்க்க செல்லில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஆனால் அது பிடிபடாததைத்தான் கவனிக்கும். இரு பக்கமும் பிடிபட்டதைப் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். விளைவு, ஒரு சேய்ச் செல்லுக்கு 47, மற்றதற்கு 45.

இது பங்கு பிரிப்பதில் வந்த தவறு. ஆகவே 'குரோமோசோம் பங்கீட்டுப் பிழை'. 'பிரிதல் பிழை' என்றும் எழுதுகிறார்கள், பரம்பரைக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் செல் பிரிவதையும் பிரிதல் என்றுதான் சொல்கிறோம். இங்கே செல் நன்றாகவே பிரிந்துவிட்டது, பங்குதான் கோணிப்போனது.

பிழை நடந்த பிறகு மிஞ்சும் நிலைக்கு வேறு பெயர்: அன்யூப்ளாய்டி. இதற்கு 'மெய்யிலா மடியம்' என்று ஒரு ஆக்கம் உண்டு. கிரேக்கத்தை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்த் துண்டை மாட்டியது. தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் மெய்யிலா என்றால் பொய்யா, உடம்பு இல்லாததா? மடியம் என்றால் மடங்கா, மடிப்பா? விளக்கம் சொல்லாமல் யாருக்கும் புரியாத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? 'குரோமோசோம் எண்பிறழ்வு' என்றால் முதல் வாசிப்பிலேயே விஷயம் தெரிந்துவிடும். பிழை தலைமுறை தலைமுறையாகச் செல்களில் தொடர்ந்துகொண்டே இருந்தால் அது 'குரோமோசோம் நிலையின்மை'. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு அமுக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

விஷயம் புதிதும் அல்ல. புற்றுக்கட்டிகளில் செல்கள் கோணலாகப் பிரிவதை ஜெர்மன் நோயியலாளர் ஹான்ஸ்மன் 1890இலேயே குறித்து வைத்தார். ஜெர்மன் உயிரியலாளர் போவெரி, கடல் முள்ளெலி என்ற கடல்வாழ் உயிரியின் முட்டையில் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படுவதைப் பார்த்தார். கட்டிகளின் தோற்றத்துக்கும் இதுவே காரணமாகலாம் என்று 1914இல் புத்தகமே எழுதினார். திடக் கட்டிகளில் சுமார் 90 சதவீதத்தில் எண்பிறழ்வு இருப்பது இன்று தெரியும். அதற்காக, எண் மாறிய செல்லெல்லாம் புற்றாகிவிடாது. பெரும்பாலானவை தடுமாறி நின்றுவிடும், அல்லது சாகும். கட்டியை அடக்கும் மரபணுவைச் சுமந்த குரோமோசோம் தொலைந்துபோவது போன்ற நிலைமைகளில்தான் ஆபத்து.

குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றைப் பாருங்கள். சில குழந்தைகள், கட்டியை அடக்கும் ஆர்பி1 மரபணுவின் பழுதான பிரதி ஒன்றோடு பிறக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து அது வந்திருந்தால், அதுதான் பரம்பரை. அப்புறம் விழித்திரைச் செல் ஒன்று பிரியும்போது, நல்ல பிரதியைச் சுமந்த 13ஆம் குரோமோசோம் தொலைந்துபோகலாம். அது பங்கீட்டுப் பிழை. முந்தைய பழுதை அந்தக் குழந்தை நாளை தன் பிள்ளைக்கும் கொடுக்கலாம். பிந்தையது அந்தக் கண்ணைத் தாண்டி எங்கும் போகாது. இரண்டுக்கும் பரம்பரை என்றே எழுதினால் இந்தப் பத்தியை எழுதவே முடியாது.

கட்டித் திசுவின் பரிசோதனை அறிக்கையில் எண்பிறழ்வு என்று இருந்தால், அதை மட்டும் வைத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது. பிறவியிலேயே வந்த மாற்றத்தைத் தேட, பெரும்பாலும் இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்யும் சோதனை தனி.