முதல் ஐரோப்பியப் பயணம் ரோமுக்கு என்றால் காசு எங்கே கரைகிறது?

ஐரோப்பா போகவேண்டும் என்று எங்கள் பயண முகவர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, வெனிஸ், ரோம், முடிந்தால் ஆம்ஸ்டர்டாம். நாட்கள் பத்து. பணமோ ஒரு நடுத்தரக் குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஒரு ஊரை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. "இவ்வளவு தூரம் போய் ஒரே ஊரா?"

ஆம், ஒரே ஊர்தான். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ரயிலுக்கு ஒரு தொகை, நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஒரு தொகை போகிறது. பிற்பகலில் அறை தரும்வரை பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு அரை நாள் கழிகிறது. பத்து நாளில் ஐந்து ஊர் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ரயில் நிலையங்களைத்தான் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பல ஊர்களை ஒரே மூச்சில் காட்டும் பேக்கேஜ்களை விற்பது எங்கள் தொழிலுக்கு லாபம். அதனால் இதை எங்களில் பலர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

முதல் முறை போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் ரோம். வரலாறு தெருவிலேயே கிடக்கிறது, அதில் பாதிக்கு மேல் இலவசம். ஆறு நாள் தங்கினால் ஊர் கொஞ்சமாவது பிடிபடும்.

கிளம்புவதற்கு முன்பே போகும் பணம்

முதலில் விசா. இத்தாலிக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்பத்தைப் பெறும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சம் 15 நாள் முன்பு என்று விதி சொல்கிறது, ஆனால் அதை நம்பிக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். கோடை விடுமுறைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

விசா கையில் வரும்முன், ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்காக மட்டும் ஒரு ஹோட்டல் பதிவைக் காட்டிவிட்டு மறுநாளே ரத்து செய்யும் பழக்கமும் எங்கள் தொழிலில் உண்டு. தூதரகம் அந்த ஹோட்டலைத் தொடர்புகொண்டு கேட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது முகவர் அல்ல, நீங்கள். ரத்து செய்யும் வசதியுள்ள உண்மையான அறையைப் பதிவு செய்து, அதிலேயே தங்குங்கள். வங்கிக் கணக்கும் அப்படித்தான்: விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடம் வாங்கிய மூன்று லட்சம் திடீரென்று வந்து உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவருக்குப் புரியாமல் போகாது.

அடுத்தது தேதி. பயணச் செலவைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். ரோமிலும் அதுதான் கூட்டம் மிகுந்த, அறை வாடகை ஏறிக்கிடக்கும் காலம். ஈஸ்டர் வாரமும் அதேதான். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததல்ல, ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பல குடும்பக் கடைகள் மூடிவிட்டு உரிமையாளர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது நவம்பர், அல்லது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. குளிரும், மழை வரலாம். ஆனால் அறை வாடகை தணிந்திருக்கும், வரிசைகளும் குறைந்திருக்கும்.

அறை தேடும்போது ஒன்றை மறக்கிறார்கள். ரோம் மாநகராட்சி தங்குமிட வரி வசூலிக்கிறது. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. மூன்று நட்சத்திர ஹோட்டலில் அது 6 யூரோ. கணவன் மனைவி ஆறு இரவு தங்கினால் 72 யூரோ. இணையத்தில் நீங்கள் பார்த்த விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, ஹோட்டலிலேயே கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், சட்டப்படியான வரிதான் இது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிடையாது.

டெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி மலிவான அறைகள் உண்டு. இரவில் அந்த வட்டாரம் கொஞ்சம் களேபரமாக இருக்கும், அவ்வளவுதான். அதை ஒட்டிய எஸ்குயிலினோ பகுதியில் இந்திய, வங்கதேசக் கடைகள் நிறைய. அங்குள்ள கூரையிட்ட சந்தையில் பச்சை மிளகாய்வரை கிடைக்கும் என்பதால், சமையலறையுள்ள அறை எடுக்கும் குடும்பங்களுக்கு வசதி. சான் ஜோவன்னி பக்கம் இன்னும் அமைதியானது. மெட்ரோவும் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியர் மடங்கள் நடத்தும் விடுதிகளும் ரோமில் உண்டு. எளிமையான, சுத்தமான அறைகள். சிலவற்றில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

கொலோசியம் டிக்கெட் என்ற பெரிய ஓட்டை

எங்களிடம் வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலுள்ள இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதிலேயே அடக்கம். 24 மணி நேரம் செல்லும். கொலோசியம் தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில், பார்க்கப்போகும் நாளுக்கு 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். தேடுபொறியில் தட்டினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள். வடிவத்தில் அரசுத் தளம் போலவே இருக்கும். அதே டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். டிக்கெட்டுகளைத் தானியங்கி நிரல்களால் அள்ளிக்கொண்டு போவது அங்கே பெரிய பிரச்சினையாகி, இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில், டிக்கெட் விற்பனை செய்த அமைப்பு ஒன்றுக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆகவே விற்பனை திறக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த நேரத்தில் கணினி முன் உட்காருங்கள். அன்று கிடைக்காவிட்டால் அடுத்த நாளுக்கு முயலலாம். ஆறு நாள் ஒரே ஊரில் இருப்பதால் கிடைக்கும் சௌகரியம் இது. ஒரே நாளில் ரோமை முடித்துவிட்டு ரயில் ஏறுகிறவருக்கு அது கிடையாது.

பெற்றோர்களே, இன்னொன்று. இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதிக் கட்டணம் இல்லை. எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இதே விதிதான். கொலோசியம், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் இரண்டும் இதில் வரும். பிள்ளைகளின் இலவச டிக்கெட்டையும் உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதிகாரபூர்வ விலை 36 யூரோதான். நாலு பேருக்கும் காசு வாங்கிய பேக்கேஜ் ரசீதுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாருக்கும் இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. கொலோசியத்துக்கு அன்று போகாதீர்கள், நின்றே நாள் போய்விடும். டெர்மினிக்கு எதிரே இருக்கும் பலாட்ஸோ மாஸிமோவுக்குப் போங்கள். ரோமானியச் சிற்பங்களும் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்களும் அங்கே கூட்டமில்லாமல் இருக்கின்றன. வத்திக்கான் அருங்காட்சியகம் தனி நாட்டுக்குச் சொந்தமானது. அங்கே இலவசம் மாதத்தின் கடைசி ஞாயிறு, அரை நாள் மட்டும். அந்த வரிசையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற நாட்களில் 20 யூரோ, இணையத்தில் பதிவு செய்ய இன்னொரு 5. முகவரி 'டாட் வி.ஏ.' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உள்ள புனித பேதுரு பேராலயத்துக்கு டிக்கெட் கிடையாது, குவிமாடத்தின் மேலே ஏறத்தான் கட்டணம்.

பாந்தியன் 5 யூரோ. 2023 ஜூலை வரை அதுவும் இலவசமாக இருந்தது. 43 மீட்டர் அகலக் குவிமாடம், இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாத வெறும் கான்கிரீட், கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளாக நிற்கிறது. 5 யூரோவுக்கு மனம் வராது என்றால் ரோமுக்கே போக வேண்டாம்.

உண்மையான லாபம் தேவாலயங்களில் இருக்கிறது. பாந்தியனிலிருந்து சில நிமிட நடையில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செஸி. உள்ளே இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோ 1600ஐ ஒட்டி வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் மாட்டியபடியே இருக்கின்றன. இருட்டாக இருக்கும். ஓரத்தில் உள்ள சிறு பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும், சில நிமிடத்தில் அணைந்துவிடும். நாணயம் போடுவது யார் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போடுங்கள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தனியறை கட்டி வைத்திருக்கக்கூடிய படங்களை ஒரு யூரோவுக்குப் பார்க்கிறீர்கள். சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. அதற்கும் டிக்கெட் கிடையாது. பல தேவாலயங்கள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை, சுடிதாருக்குச் சிக்கல் இல்லை, அரைக்கால் சட்டைக்காரர்கள்தான் வாசலில் நிற்பார்கள்.

வயிறும் வண்டியும்

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோம் நகரில் ஏறத்தாழ 2,500 தெருக்குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த மூக்கு இருப்பதால் அவற்றை 'நசோனே' என்கிறார்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மூக்கின் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே எழும்பும், குனியாமல் குடிக்கலாம். நல்ல குடிநீர், கோடையிலும் குளிர்ந்திருக்கும்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் அதே காபிக்கு வேறு விலை, பேர்பெற்ற சதுக்கங்களில் பல மடங்கு. விலைப்பட்டியல் உள்ளே மாட்டியிருக்கும். மதியத்துக்குத் துண்டுப் பீட்சாக் கடைகள் போதும். பெரிய தட்டில் சுட்டதை எடைக்கு வெட்டிக் கொடுப்பார்கள். கத்தியை வைத்து "இவ்வளவா?" என்று கேட்பார்கள், கையால் குறைக்கச் சொல்லலாம். பலகையில் எழுதியிருக்கும் விலை சில கடைகளில் 100 கிராமுக்கு, சிலவற்றில் கிலோவுக்கு. அதைப் பார்க்காமல் நாலு வகை வெட்டச் சொன்னவர்கள் தராசைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள்.

சைவர்களுக்கு உருளைக்கிழங்கு பீட்சா உண்டு. மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே இல்லை, தக்காளியும் பூண்டும்தான். கார்போனாரா, அமாத்ரிசியானா என்ற பாஸ்தா வகைகள் இரண்டிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி இருக்கும். சுப்லி என்ற அரிசி உருண்டை பார்க்கச் சாதுவாகத் தெரியும், மரபான சுப்லிக்குள் கொத்துக்கறிக் குழம்பு. பெக்கோரினோ பாலாடைக்கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டி இரைப்பையின் நொதியைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கடுமையான சைவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதன் பிறகு சாப்பிடுவது அவரவர் விருப்பம்.

ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு விரைவு ரயில் தலைக்கு 14 யூரோ. டிராஸ்டெவெரே, திபூர்த்தினா பக்கம் தங்குகிறவர்கள் உள்ளூர் ரயிலில் 8 யூரோவுக்குப் போய்விடலாம். அது டெர்மினிக்குப் போகாது. பழைய நகர மதிலுக்குள் இறங்குவதென்றால் உரிமம் பெற்ற வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு வண்டிக்கு. நாலு பெரியவர்கள் ரயிலில் போனால் 56. சிக்கனம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை இழுத்தபடி நாலு பேர் ரயிலுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. விமான நிலையத்துக்குள் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு மட்டும் போகாதீர்கள். காகித டிக்கெட்டில் உள்ளூர் ரயில் ஏறினால், ஏறும்முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டுகிறவர்கள் இதை மறந்தவர்கள்.

நகருக்குள் பஸ், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் மெட்ரோவில் ஒரே ஒரு முறைதான் நுழையலாம். வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயிலா, யூரோவிலா?" என்று திரை கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதத்துக்குத் தலையாட்டுகிறீர்கள்.

டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸும் மெட்ரோவின் ஏ வழித்தடமும் ஜேப்படிக்குப் பேர்போனவை. கதவு மூடும் நேரத்தில் நெருக்குகிறவர்களைக் கவனியுங்கள். கையில் கயிறு கட்டிவிட வருகிறவருக்குக் கையை நீட்டாதீர்கள். டிக்கெட் இயந்திரத்தில் உதவ வருகிற அன்பர் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர் அல்ல. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று பையில், ஒன்று அறையில், ஒன்று மின்னஞ்சலில் இருக்கட்டும். அசல் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, டெர்மினியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வியா வென்ட்டி செட்டெம்ப்ரே தெருவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும் என்பதால், திரும்பும் விமானம் திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.