எறும்பாகும் எழுத்து, மங்கிப்போகும் புள்ளி

புது லேப்டாப் வாங்கிய வாரம், கண் டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசித்தேன். 15.6 அங்குலத் திரை, 3840-க்கு 2160 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி), அதாவது 4கே. புகைப்படங்கள் அத்தனை துல்லியம். ஆனால் பழைய கணக்கு மென்பொருளைத் திறந்தால் மெனு முழுக்க எறும்பு ஊர்வது போல் இருந்தது. அடுத்து ஒரு பில் போடும் மென்பொருள். அதில் எழுத்தின் அளவு சரிதான், ஆனால் ஈரக்கையால் தேய்த்த மை மாதிரி கலங்கிக் கிடந்தது. ஒரே திரையில் இரண்டு கோளாறு. கண்ணில் குறையில்லை.

கதை 1984-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சகத்தார் எழுத்தை அளக்கும் பாயின்ட்டும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்குதான், அதனால் கணக்கு எளிது. மைக்ரோசாஃப்ட் 96 என்று வைத்துக்கொண்டது. காகிதத்தைவிடத் திரையைத் தள்ளி வைத்துப் பார்க்கிறோம், எனவே எழுத்தை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்புறம் வெகுகாலம் மேசைத் திரைகள் அந்த 96-ஐ ஒட்டியே வந்தன. 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையில்கூட அங்குலத்துக்கு ஏறக்குறைய 92தான்.

அதனால் நிரல் எழுதியவர்கள் பிக்சலையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ‘பொத்தான் 75 பிக்சல் அகலம்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். கொத்தனாரிடம் ‘இருபது வரிசை செங்கல் வைத்துச் சுவர் எழுப்பு’ என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, தீப்பெட்டி அளவுச் செங்கல் வந்து இறங்கினால் என்ன ஆகும்? வரிசை இருபதுதான், ஆனால் சுவர் முழங்காலைத் தாண்டாது. 9 பாயின்ட் எழுத்து 96 கணக்கில் 12 பிக்சல், உயரம் சுமார் 3.2 மில்லிமீட்டர். என் லேப்டாப்பில் அங்குலத்துக்கு 282 பிக்சல். அதே 12 பிக்சல் இங்கே ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இதைச் சமாளிக்க 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா ஒரு தந்திரம் செய்தது. ‘எனக்குத் திரையின் அடர்த்தி, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு மென்பொருள் முன்கூட்டியே அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் விண்டோஸ் அதனிடம் கூசாமல் பொய் சொல்லும்: ‘இது பழைய 96 திரைதான்’. மென்பொருள் அதை நம்பிச் சின்னதாக வரைந்து கொடுக்கும். விண்டோஸ் அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டும்.

கலங்கல் அங்கேதான் பிறக்கிறது. 150 சதவீதத்துக்கு இழுத்தால் ஒரு பிக்சல் கோடு ஒன்றரை பிக்சலாக வேண்டும். அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது, ஆகவே ஓரத்தில் சாம்பல் நிறத்தைப் பூசி ஒப்பேற்றுகிறது. ஆங்கிலம் இதை ஓரளவு தாங்கும். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியே ஒன்றிரண்டு பிக்சல்தானே? அது கரைந்தால் ‘கல்’ எது, ‘கல’ எது என்று தேட வேண்டியதாகிறது.

எறும்பு நோய்க்குக் காரணம் நேர்மாறு. ‘எனக்குத் தெரியும்’ என்று அறிவித்துவிட்டு உள்ளே பழைய பிக்சல் கணக்கையே வைத்திருக்கும் மென்பொருள் அது. விண்டோஸ் அதை நம்பி ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டில் இதுதான் பெரிய குற்றம் என்பேன்.

இன்னொரு வகை, லாகின் ஆகும்போது இருந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் வேறு மானிட்டரைச் செருகி ஜன்னலை அங்கே இழுத்தால் மங்கும். திரைக்குத் திரை அளவை மாற்றிக்கொள்ளும் வசதி 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் வந்தது, 2017-இல் மேம்பட்டது. ஆனால் நிரலை எழுதியவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மானிட்டரை மாற்றியபின் ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்பி வந்தாலே பாதித் தொல்லை தீரும்.

ஆப்பிள் 2012-இல் ரெடினா மேக்புக் ப்ரோவில் இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. 2880-க்கு 1800 பிக்சல் திரையை 1440-க்கு 900 போல நடத்தியது. சரியாக இரு மடங்கு, அரை பிக்சல் தகராறே இல்லை. இடைப்பட்ட அளவு கேட்டால் தேவையைவிடப் பெரிதாக வரைந்து சுருக்குகிறது. இழுப்பதைவிடச் சுருக்குவது நல்லது, பிசிறு அமுங்கிவிடும்.

சரி, விண்டோஸில் வைத்தியம். மென்பொருளின் ஐகானில் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. கடைசியில் உள்ள ‘ஓவர்ரைடு’ கட்டத்தை டிக் செய்தால் மூன்று வழி கிடைக்கும். எறும்பாகத் தெரிந்தால் ‘சிஸ்டம்’. கலங்கலாகத் தெரிந்தால் முதலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’. இதில் விண்டோஸ் முடிந்த படத்தை இழுக்காமல், ஜிடிஐ என்னும் பழைய வரைகலை வழியில் வரும் ‘இந்த எழுத்தை இங்கே வரை’ என்ற கட்டளையையே இடைமறித்துப் பெரிய அளவில் வரைகிறது. எழுத்து கூர்மையாகும். அந்த வழியில் வரையாத மென்பொருளில் இது பலிக்காது. மூன்றாவதான ‘அப்ளிகேஷன்’, விண்டோஸைத் தலையிட வேண்டாம் என்று சொல்வது. அடர்த்தி அறியாத மென்பொருளுக்கு அதைக் கொடுத்தால் எறும்பு வந்துவிடும். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

திரையையே 1920-க்கு 1080-ஆகக் குறைப்பவர்களும் உண்டு. கொடுத்த காசுக்கு மனசு கேட்காது.

என் கணக்கு மென்பொருள் ‘சிஸ்டம்’ போட்டதும் படிக்கும் அளவுக்கு வந்தது, லேசாகப் பனி மூடியபடி. பில் மென்பொருளில் எழுத்து பளிச்சென்று ஆகிவிட்டது. வரைந்த எழுத்தாக இல்லாமல் படமாக வைக்கப்பட்ட பிரின்டர் ஐகான் மட்டும் இன்னும் மங்கலாகவே நிற்கிறது.